இன்னொரு குருவம்மாள்

திரையில் அந்தப் பெண் மூன்றாவது போலீஸ் ஸ்டேஷனின் படியேறியபோது குருவம்மாளுக்கு, இவளுக்கு இந்நேரம் குதிகால் விண்விண்ணென்று தெறிக்குமே என்றுதான் முதலில் தோன்றியது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் தனக்குத் தெறித்தது நினைவுக்கு வந்ததா, இல்லை தன் வேஷத்தில் நடிக்கிற அந்தப் பிள்ளை தன் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் வெயிலில் நடந்து பழகிவிட்டு வந்து வெந்நீர்ச் சட்டியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அது நினைவுக்கு வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே குதிகால் மாதிரி இருந்தது. ராஜபாளையத்துத் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை மேட்னி. படம் வந்து பத்து நாளாகிவிட்டது. சென்னையில் பெரிய மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியபோதே டைரக்டர் தம்பி போன் பண்ணி, கார் அனுப்புகிறேன் வாங்கம்மா என்று கெஞ்சினான். காய்ச்சல் என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டாள். மகளிடம் அப்படித் தப்பிக்க முடியவில்லை. கௌசல்யா மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எங்க வார்டுல எல்லாரும் பாத்துட்டாங்கம்மா. பேஷண்ட்டுகூடப் பாத்துட்டாரு. நம்ம ரெண்டு பேருதான் பாக்கல" என்று லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். இப்போது பக்கத்து சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குருவம்மாள் பாதி நேரம் திரையைப் பார்த்தாள், பாதி நேரம் மகளின் முகத்தில் விழுந்து விழுந்து மாறும் வெளிச்சத்தைப் பார்த்தாள். எந்த நிமிஷத்தில் அந்த முகம் தன் பக்கம் திரும்பி, "அம்மா, இது நெசமா?" என்று கேட்குமோ என்று இருந்தது. தியேட்டர் வாசலில் ஒட்டியிருந்த போஸ்டரில், 'நம்பிக்கை இழக்காத ஒருத்தியின் உண்மைக் கதை' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி உள்ளே வருவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. உண்மைக் கதைதான். அவள் புருஷன் பூவலிங்கம் வாடகை சுமோ ஓட்டியவன். ஒரு ஆடி மாதம் குற்றாலத்துக்கென்று சவாரி பேசி ஏறிய இரண்டு பேரோடு போனான், திரும்பி வரவில்லை. வண்டியும் வரவில்லை. மூன்று வருஷம் தேடினாள். கடைசியில் வண்டி கிடைத்தது, வண்டியால் ஒரு கும்பல் பிடிபட்டது, வண்டிக்காக அந்தக் கும்பல் கொன்று புதைத்த ஐந்து டிரைவர்களில் பூவலிங்கம் இரண்டாவது ஆள் என்று தெரிந்தது. இவ்வளவும் உண்மை. போஸ்டரில் இருந்த முதல் இரண்டு வார்த்தைதான் முள்ளாக உறுத்தியது.

அந்தப் பிள்ளையின் பெயர் தாரிணி. அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. பாட்டுக்கு ஆடுகிறவள், பட்டுச்சேலைக் கடை விளம்பரத்தில் சிரிக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்தில் டைரக்டர் தம்பி அவளைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தியபோது, இந்த மெழுகுப் பொம்மையா நானாக நடிக்கப் போகுது என்று குருவம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "அம்மா, உங்க வீட்டுல ஒரு பாய் போட இடம் இருக்குமா?" என்று கேட்டாள் தாரிணி. ஒரு நாள் தாங்குவாளா என்று பார்த்தால் பதினைந்து நாள் இருந்தாள். குருவம்மாள் வேலை பார்க்கிற பேண்டேஜ் துணிக் கூடத்துக்குத் தினமும் கூடவே வந்தாள். துணி சுருட்டப் பழகினாள். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி விடாமல் தும்மினாள், விரல் நுனி வறண்டு வெடித்தது, எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் வந்தாள். மூன்று வேளையும் சோறு தின்றாள், இடுப்பில் சதை போட வேண்டும் என்று கட்டளையாம். கேள்வி அதிகம் கேட்கவில்லை. பின்னாலேயே நடந்தாள், அவ்வளவுதான். கடைக்குப் போனால் பின்னால், குழாயடிக்குப் போனால் பின்னால், கோழிக்குஞ்சு மாதிரி. இப்போது திரையில் பார்த்தால் அந்தக் கோழிக்குஞ்சு எதையெல்லாம் கொத்திக்கொண்டு போயிருக்கிறது என்று தெரிகிறது. இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்கிறார், திரையிலிருக்கிற குருவம்மாள் உடனே பதில் சொல்லாமல் அவருடைய பூட்ஸைப் பார்க்கிறாள், அப்புறம்தான் முகத்தைப் பார்க்கிறாள். கௌசல்யா முழங்கையால் இடித்து, "அம்மா, நீதான்" என்றாள். "நான் எங்க அப்படிப் பாக்கேன்?" "நீ அப்படித்தான் பாப்ப. பால்காரர் கேட்டாக்கூட அவரு காலைத்தான் மொதல்ல பாப்ப." அப்படியா. நாற்பத்தைந்து வயது வரைக்கும் தனக்கே தெரியாத ஒரு பழக்கத்தை எங்கிருந்தோ வந்த பிள்ளை கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டதே என்று நினைத்தபோது கோபம் வர வேண்டியது, வரவில்லை. தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய பிள்ளை மேடையில் நிற்பதைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. நல்லா நில்லு தாயி, தோளை இறக்கு, பையைக் கக்கத்தில் இன்னும் இடுக்கிக்கோ, அதில் போட்டோ இருக்கு.

பூவலிங்கமாக நடித்தவனைத்தான் பிடிக்கவில்லை. நெட்டையாக, வரிசைப் பல்லோடு, வண்டியிலிருந்து இறங்குவதையே கல்யாண மாப்பிள்ளை மாதிரி இறங்கினான். பூவலிங்கம் குள்ளம். சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தால்தான் ஸ்டியரிங்குக்கு மேலே ரோடு தெரியும். சவாரிக்காரர்கள் சிரித்தால், "ரோட்டுக்குத் தெரியாது சார் நான் குள்ளம்னு" என்பான். அந்தத் தலையணைக்கு உறை தைத்துத் தைத்து அவளுக்குச் சலித்துப்போகும். இந்த நெட்டையன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "சாயங்காலம் வந்துருவேன் குருவு, பிள்ளைக்கு அல்வா வாங்கிட்டு" என்கிறான், வயலின் அழுகிறது, தியேட்டரில் பின் சீட்டில் ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சுகிறாள். குருவம்மாளுக்குக் காது சூடானது. அந்த அல்வா அவள் சொன்ன பொய். ஸ்டேஷனில் கேட்டார்கள், கடைசியா என்ன பேசினான். வக்கீல் கேட்டார், பேப்பர்க்காரர்கள் கேட்டார்கள், டைரக்டர் தம்பி கேட்டான். அந்தக் காலை அவளுக்கு ஞாபகமே இல்லை. எத்தனை தடவை உட்கார்ந்து யோசித்தும் வரவில்லை. அது ஒரு காலை, மற்றக் காலைகளைப் போல. ஆயிரம் தடவை போனவன் ஆயிரத்தோராவது தடவையும் போனான், அவள் தண்ணி பிடித்துக்கொண்டிருந்தாளோ, பிள்ளைக்குச் சடை போட்டுக்கொண்டிருந்தாளோ, அவன் போய்ட்டு வாரேன் என்றானோ, இல்லை எப்போதும் போல ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனானோ. புருஷன் கடைசியாக என்ன சொன்னான் என்று தெரியாத பெண்டாட்டி உண்டா என்று ஏட்டையா ஒரு மாதிரி பார்த்ததில், வெட்கப்பட்டு வாயில் வந்ததைச் சொன்னாள். சொன்னது சாட்சியாகிவிட்டது, கோர்ட்டில் அச்சாகிவிட்டது, இப்போது வயலினும் சேர்ந்துவிட்டது. நெட்டையன் வாயிலிருந்து வந்தாலும் அந்த வார்த்தையைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவன் சொல்லாததை யாராவது ஒருத்தனாவது சொன்னானே.

"உன் புருஷன் வண்டிய வித்துட்டு எவ கூடயோ போயிட்டாம்மா. அழுறத விட்டுட்டு வீட்டுக்குப் போ" என்று திரையில் இன்ஸ்பெக்டர் சொன்னபோது குருவம்மாள் சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இந்த இடம்தான். வண்டி முதலாளிதான் அதை முதலில் கிளப்பினார், தென்காசிப் பக்கம் பூ விற்கிற ஒருத்தியோடு அவனை யாரோ பார்த்தார்களாம் என்று. யாரோ என்றால் யார், கடைசிவரை ஆள் வரவில்லை. தெருவில் பாதிப் பேர் அதை நம்பினார்கள், மீதிப் பேர் நம்பாத மாதிரி நடித்தார்கள். "என் புருஷன் அப்படிப்பட்டவரு இல்ல" என்று திரையில் தாரிணி சொல்கிறாள், எழுதிக் கொடுத்த வசனம். குருவம்மாளும் அன்றைக்கு அதே வசனத்தைத்தான் சொன்னாள், யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் ஸ்டேஷன் வாசலில் செருப்பைத் தேடி மாட்டுகிற நேரத்தில் அவளுக்கு முடிச்சாயம் ஞாபகம் வந்துவிட்டது. காணாமல் போவதற்கு இரண்டு மாதம் முன்னாலிருந்து அவன் தலைக்குச் சாயம் போட ஆரம்பித்திருந்தான். முப்பத்தாறு வயதில் காதோரம் நாலு வெள்ளை முடி, அதற்கு ஒரு பாக்கெட் சாயம், கண்ணாடி முன்னால் பல் விளக்குகிற பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அரைமணி நேரம். "யாருக்குய்யா இந்த அலங்காரம்?" என்று அவள் கேலி பண்ணியதற்கு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு. வாசலில் செருப்பு மாட்டும்போது அந்தச் சிரிப்பு வேறு அர்த்தத்தில் விரிந்தது. பூக்காரிக்குத்தான். ஆமாம், அவளுக்குத்தான். அந்த நிமிஷத்திலிருந்து மூன்று வருஷம், ஒரு நாள் விடாமல், அவள் அதை நம்பினாள்.

நம்பித்தான் தேடினாள். உசிரோடு எங்கேயோ பூ வாசத்தில் உட்கார்ந்திருக்கிறவனைக் கண்டுபிடித்து நடுரோட்டில் நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று தேடினாள். செங்கோட்டை, புனலூர், கொல்லம் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவனுக்கான வசவுகளைத் தயார் பண்ணிக்கொண்டே போவாள். நாசமாப் போறவன், மண்ணாப் போவான் என்று தொடங்கி, அவன் குள்ளத்தைச் சொல்லி, தலையணையைச் சொல்லி, சாயத்தைச் சொல்லி, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புது வசவு சேரும். நன்றாக அமைந்ததை மறந்துவிடாமல் இருக்க இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அப்புறம் தெரிந்தது, சவாரி போன அன்று மத்தியானமே அவனைக் கொன்றுவிட்டார்கள் என்று. மண்ணுக்குள் கிடந்தவனைத்தான் மூன்று வருஷமாக மண்ணாப் போவான், மண்ணாப் போவான் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். எலும்பையும் சட்டையையும் காட்டி, இது அவர்தானா என்று கேட்டார்கள். சட்டையில் மூன்றாவது பொத்தான் அவள் ஊதா நூலால் தைத்தது. ஆமா என்றாள். அன்றைக்கு வாயடைத்ததுதான். ஊரெல்லாம் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள், கலெக்டர் ஆபீஸில் மகளிர் தினத்துக்கு மேடையேற்றி, கணவன் மேல் இவர் வைத்த நம்பிக்கையைப் பாருங்கள் என்றார்கள். சால்வைகளை இரும்புப் பெட்டியில் போட்டாள், பெட்டியைத் திறப்பதில்லை. மகளுக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தாள். உங்கப்பா தங்கம், ஒரு சொல் சொல்ல முடியாது. படத்துக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்துத் தங்கமாகவே நிறுத்திவிட்டாள்.

தாரிணியிடம் மட்டும்தான் வாய் தவறியது. பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, மத்தியானம், கூடத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து துணி சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கை ஒரே கதியில் போனால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. "நான் அவுகள நம்பல தாயி" என்றாள் குருவம்மாள். தாரிணி நிமிரவில்லை. சுருட்டிக்கொண்டே, "அப்புறம் ஏம்மா மூணு வருஷம் தேடுனீங்க?" என்றாள். "கையில சிக்குனா நாலு கேள்வி கேக்கணும்ல." தாரிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதைப் பார்த்துக் குருவம்மாளுக்கும் வந்தது. பதினான்கு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னவுடன் இப்படிச் சிரிப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. அப்புறம் எல்லாம் சொன்னாள். சாயம், வசவுகள், அச்சன்கோவிலில் வண்டியைப் பார்த்தது. சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. "இதை யார்ட்டயும் சொல்லிராத தாயி. டைரக்டர் தம்பிட்டக்கூட. எம்பிள்ளைக்குத் தெரியக் கூடாது." தாரிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயைத் திறந்து சொல்ல மாட்டேம்மா" என்றாள். நல்ல வார்த்தை என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. இந்தப் பத்து நாளாகத்தான் அந்த 'வாயைத் திறந்து' என்ற சொல் கல்லில் தட்டுகிற கால் மாதிரி தட்டிக்கொண்டே இருக்கிறது. வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்றால்.

இடைவேளையில் விளக்கு போட்டதும் குருவம்மாள் முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டாள். பின் சீட்டு அம்மாள் குனிந்து, முறுக்குப் பொட்டலத்தை நீட்டி, "எடுத்துக்கோங்க. இதெல்லாம் நெசமா நடந்ததாம்ல, நம்ம பக்கத்துலயே. அந்தப் பொம்பள இப்ப இருக்காகளோ என்னமோ" என்றாள். கௌசல்யா வாயைத் திறக்கப் போனாள். குருவம்மாள் அவள் தொடையில் கிள்ளினாள். "இருப்பாக" என்றாள், ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு. "நல்லா இருக்கட்டும் மகராசி" என்றாள் அந்த அம்மாள். கௌசல்யா டீ வாங்கப் போனாள். இவ்வளவு நேரத்தில் ஒன்றும் வரவில்லையே, பாதிப் படம் போய்விட்டதே, சொன்ன சொல்லைப் பிள்ளை காப்பாற்றிவிட்டது என்று குருவம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டபோது ஆறுதலோடு கூடவே ஒரு சின்ன ஏமாற்றமும் எட்டிப் பார்த்தது ஏன் என்று புரியவில்லை.

விளக்கு அணைந்து படம் மறுபடி தொடங்கியதும் பஸ் வந்தது. மலை ஏறுகிற பஸ், ஜன்னலோரம் தாரிணி, காற்றில் முடி பறக்கிறது, மடியில் குழந்தை. பாட்டு ஒன்று தேம்பித் தேம்பி ஓடுகிறது. தாரிணியின் உதடு அசைகிறது. பாட்டுக்கு அசைக்கவில்லை, பாட்டின் தாளத்தில் அந்த அசைவு நிற்கவில்லை, வேறு எதையோ தனியாக மென்று மென்று சொல்கிறது. "சாமி கும்புடுது பாவம்" என்றாள் பின் சீட்டு அம்மாள். அந்த உதட்டில் ஓடுவது என்ன என்று குருவம்மாளுக்கு எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. மண்ணாப் போவான். நாசமாப் போறவன். தலையணை போட்டு உக்காந்தவன். கண்ணில் தண்ணீர் இல்லை, மூக்கு விடைத்திருக்கிறது, ஒரு வசவு நன்றாக அமைந்ததும் தாடை லேசாக ஆடி அதை ஒத்துக்கொள்கிறது. அடிப்பாவி மகளே, என்று குருவம்மாள் நினைத்தாள், வாயைத் திறக்காமலேயே சொல்லிவிட்டாயே. தியேட்டரில் முந்நூறு பேர் அதைப் பிரார்த்தனை என்று பார்க்கிறார்கள். டைரக்டர் தம்பியும் அப்படித்தான் பார்த்திருப்பான், அதனால்தான் இந்தப் பாட்டைப் போட்டிருக்கிறான். மெல்ல மகள் பக்கம் கண்ணைத் திருப்பினாள். கௌசல்யாவின் முகம் அசையவில்லை. ஆனால் டீக் கப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், குடிக்கவில்லை.

பிறகு அச்சன்கோவில் வந்தது. மார்கழித் திருவிழா, மரங்களுக்கு நடுவே வரிசை வரிசையாக வண்டிகள். வாடகை வண்டிகள் கூடுகிற இடம் என்றால் போய்விடுவாள் அப்போதெல்லாம். பூவலிங்கத்தின் சுமோ வெள்ளை, இது மெரூன், தாண்டித்தான் போனாள். கண்ணாடி வழியாகப் பின் சீட்டு தெரிந்தது. சீட்டு உறையில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல், பேண்டேஜ் நூலால் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட தையல். அவளுடைய கை. திரையில் தாரிணி அந்தக் கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து வைத்துப் பார்க்கிறாள், மூச்சு கண்ணாடியில் படிகிறது. வசனம் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்குப் புருஷன் செத்துவிட்டான் என்று தெரிந்துவிடுகிறது, அழுகிறாள், என்று டைரக்டர் தம்பி அப்போதே கதை சொன்னான். அப்படி நடக்கவில்லை என்று அவனிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்குக் குருவம்மாளுக்குத் தோன்றியது, ஆக இங்கேதான் இருக்கான். பெயின்ட் மாத்தி ஓட்டுறான். கோவிலுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கான். வரட்டும். வயிற்றில் நெருப்பு எரிந்தது, அதே வயிற்றில் யாரோ பாலையும் வார்த்தார்கள். வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். தாரிணியும் உட்கார்ந்தாள். அழவில்லை. அழ வேண்டிய நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, கேமரா அவள் முகத்திலேயே நிற்கிறது, அவள் அழவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி முகத்தில் தேய்த்தாள், முந்தானையால் துடைத்தாள். காதோரம் பறந்த முடியை ஈரக் கையால் படிய வைத்தாள். அப்புறம் வண்டிக் கண்ணாடியில் எட்டி ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பொட்டை நேராக்கினாள்.

பின் சீட்டு அம்மாள், பக்கத்தில் இருந்த யாரிடமோ, மெதுவாகச் சொன்னாள்: "பாரேன், மூணு வருசம் கழிச்சுப் புருசன் வாரான்னு பொட்டைச் சரி பண்ணுது. எம்புட்டு ஆசையா இருந்துருக்கா." குருவம்மாள் அன்றைக்கு முகத்தைக் கழுவியது நிஜம், பொட்டை நேராக்கியதும் நிஜம், தாரிணியிடம் துணி சுருட்டியபோது ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான், சண்டைக்கு நிற்கப் போகிறவள் பஞ்சைப் பராரி மாதிரியா நிற்பாள் என்று. அப்படித்தான் இத்தனை வருஷம் தன்னிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். முறுக்குத் தின்கிற, முன்பின் தெரியாத ஒருத்திக்கு ஒரு பார்வையில் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போய்விட்டதே. அவள் தன்னைத் தானே வெளியிலிருந்து பார்த்ததில்லை, எப்படிப் பார்க்க முடியும். இப்போது பார்க்கிறாள், இவ்வளவு பெரிய முகமாக, சுவர் அகலத்துக்கு. கோபம் கொதிக்கிற முகம்தான், மறுக்க முடியாது, மூக்கு விடைத்துத்தான் இருக்கிறது. அந்தக் கோபத்தின் அடியில் ஒரு சின்னப் பிள்ளை மாதிரி ஒன்று உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காலடிச் சத்தம் கேட்டுத் தாரிணி திரும்பினாள், முதலில் காலைப் பார்த்தாள். நீளமான கால். பூவலிங்கத்தின் கால் இல்லை. சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தவன் யாரோ ஒரு டிரைவர், பாவம், விவரம் தெரியாமல் வண்டியை விலைக்கு வாங்கினவன். தாரிணி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. படிய வைத்த முடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. பாட்டு இல்லை, வயலின் இல்லை. தியேட்டரில் ஒரு இருமல்கூட இல்லை. குருவம்மாளுக்கு அந்தப் பிள்ளையைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கே கற்றாள் இதை. அன்றைக்கு அங்கே தன் பக்கத்தில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லையே என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு கோர்ட்டு, தண்டனை, கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. விளக்கு வந்ததும் குருவம்மாள் முதல் ஆளாக எழுந்து வெளியே வந்துவிட்டாள். நாலரை மணி வெயில் பஸ் ஸ்டாப்பில் சாய்வாக அடித்தது. கௌசல்யா பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம், "அந்தப் பஸ் சீன்ல அவங்க சாமி கும்புடல" என்றாள்.

குருவம்மாள் மகளின் செருப்பைப் பார்த்தாள். "ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ என்னையும் கூட்டிட்டுப் போவல்ல சில நாளு. ஒன் மடியில தூங்குற மாதிரிக் கெடப்பேன். நீ அப்பாவத் திட்டிக்கிட்டே வருவ. மண்ணாப் போவான்னு."

"எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்."

"நல்லாத் தெரியும். தலையணையச் சொல்லித் திட்டுவ, சாயத்தைச் சொல்லித் திட்டுவ. எனக்குச் சிரிப்பு வரும், சிரிச்சா நிப்பாட்டிருவன்னு பல்லைக் கடிச்சுட்டுக் கெடப்பேன்."

இத்தனை வருஷம் எதை மூடி மூடி வைத்தாளோ, அது மடியிலேயே படுத்துக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. "நான் ஒங்கப்பாவ நம்பலடி" என்றாள் குருவம்மாள் மெதுவாக. "ஊரு சொன்னதைத்தான் நம்புனேன். இத்தன சால்வையும் வாங்கிக்கிட்டேன்."

கௌசல்யா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ திட்டுற வரைக்கும் அப்பா எங்கயோ இருக்காருன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்மா. இல்லாத ஆள யாரு அப்படித் திட்டுவா. அந்தச் சட்டையப் பாத்துட்டு வந்தேல்ல, அன்னைக்கு யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. பஸ்ல நீ சும்மா வந்த. ஒரு வார்த்தை திட்டல. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு."

பக்கத்தில் ஒருவன் வெள்ளரிப் பிஞ்சை வகுந்து உப்பு தடவிக்கொண்டிருந்தான். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனது. குருவம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மாலை போட்ட படத்தில் தங்கமாக நிற்கிறவன், பாவம், பதின்மூன்று வருஷமாக ஒருத்தரும் ஒரு வார்த்தை திட்டாமல் எவ்வளவு அநாதையாக நின்றிருப்பான் என்று தோன்றியது. அதைத் தொடர்ந்து, எங்கிருந்தோ, அவள் வருஷக்கணக்கில் நினைக்காத ஒன்று வந்தது.

"ஒன்னைய ஒரு தடவ பெட்ரோல் பங்குல விட்டுட்டு வந்துட்டான் தெரியுமா ஒங்கப்பன்?" என்றாள்.

கௌசல்யா திரும்பினாள். "என்னையவா?"

"ஒன்னையத்தான். ரெண்டு வயசு. எனக்குக் காய்ச்சல்னு ஒன்னைய வண்டியில தூக்கிட்டுப் போனான். டீசல் போட எறங்கி, ஒன்னைய அங்க ஸ்டூல்ல உக்கார வச்சிட்டு, சவாரி அவசரப்படுத்துச்சுன்னு ஏறி வந்துட்டான். பாதி வழியில பாத்தா கையில பால் பாட்டில் இருக்கு, பிள்ளையக் காணோம். கூறுகெட்ட பய. பின்னாடி உக்காந்திருந்தவுககிட்ட, சார் இங்க ஒரு பிள்ள இருந்துச்சான்னு கேக்கான். யாராச்சும் கேப்பானா அப்படி?"

பஸ் வந்து புழுதியோடு நின்றது. கண்டக்டர் இவர்களைப் பார்த்து விசில் அடித்தான். கௌசல்யா ஏறவில்லை, வேண்டாமென்று கையைக் காட்டினாள். பஸ் போனது.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறமென்ன. வண்டியத் திருப்பிட்டு ஓடிருக்கான். நீ அழக்கூட இல்லையாம். பங்குக்காரன் குடுத்த பிஸ்கட்டத் தின்னுட்டு ஸ்டூல்லயே உக்காந்திருக்க. அதையும் எங்கிட்டச் சொல்லல அந்தத் திருட்டுப் பய. ஆறு மாசம் கழிச்சு அந்தப் பங்குக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வரட்டும்னு வீட்டுல காத்துக்கிட்டிருந்தேன் பாரு."